பகல் ஒரு மணிக்கு ஆபீஸ் போன்!

ட்ரிங்... ட்ரிங்...

பகல் மணி ஒன்று. நசீமா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

தினமும் இந்த நேரத்துக்கு ஒரே ஒருவர்தான் போன் செய்வார். ஏலக்காய் வியாபாரி ஷரீப். அவளுடைய கணவர்.

அவரை அடக்கம் செய்து இன்றோடு பத்து நாள்!

போனுக்குப் பக்கத்திலிருந்த சிஎல்ஐ டப்பாவில், கூப்பிடுகிறவரின் நம்பர் பளிச்சிட்டது.

கம்பம் ஆபீஸ் நம்பர்!

"யா அல்லாஹ்...!" அலறிவிட்டாள்.

"பயப்படாம எடும்மா. நான்தான் பண்ணச் சொன்னேன். ஸ்பீக்கர்ல போடு." எதிரே இன்ஸ்பெக்டர் சொர்ணலதா. புருஷனை இழந்தவள் வெளி ஆண்களைப் பார்க்காமல் துக்கம் காக்கும் இத்தா வீட்டுக்கு ஆண் போலீஸ் வேண்டாமென்று தனியாக வந்திருந்தார்.

"அம்மா, நான் கிறிஸ்டோபர். ஒங்க ஆபீசுக்கு இபிஏபிஎக்ஸ் போன் மிஷின் மாட்டிக் குடுத்த டெக்னீசியன். இப்ப லோயர் கேம்ப் எஸ்டிடி பூத்துல நிக்கேன்."

"லோயர் கேம்ப்பா? ஆபீஸ் நம்பருல்ல வருது...!"

"அதுக்குப் பேரு டிஸா! வெளியிலருந்து ஆபீசுக்கு அடிச்சு ரகசிய நம்பரப் போட்டா, அந்த மிஷினே நமக்கு ஒரு லைனக் குடுக்கும். எங்கன இருந்து பேசுனாலும் ஆபீஸ்லருந்து பேசுற மாதிரிதான் காட்டும். மொதலாளி கேட்டாகன்னு நாந்தாம்மா போட்டுக் குடுத்தேன்..."

பத்து நாளாகப் போலீஸ் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இதுதான். ஒரு மணிக்கு ஆபீஸிலிருந்து பேசியவர், ஒன்று பத்துக்கு இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற லோயர் கேம்ப் கால்வாயில் எப்படிப் பிணமாக மிதப்பார்? பறந்தா போனார், பாவம்!

"அப்ப... எங்கிட்டப் பொய் சொன்னாகளா?" நசீமாவின் குரல் உடைந்தது.

"சொன்னாக. நீயும் சொன்ன!" என்றார் சொர்ணலதா.

"நான் வீட்லதான் மேடம்..."

"கால் ஃபார்வேர்டிங்! வீட்டுப் போனுக்கு வர்ற காலை ஒன் செல்லுக்குத் திருப்பி விட்டிருக்க. எக்ஸ்சேஞ்சுல எழுத்துல குடுத்துட்டாக. அன்னைக்கு ஒரு மணிக்கு ஒன் செல்லு எந்த டவர்ல இருந்துச்சு? சொல்லவா?"

நசீமா சொல்லவிடவில்லை. பொங்கி அழுதாள்.

"சொல்லாதீக! நானும் லோயர் கேம்ப்லதான் நின்னேன்... செவ்வாக்கெழமையானா மதியச் சோத்துக்கு வர மாட்டாக. சட்டைப் பையில லோயர் கேம்ப் பஸ் டிக்கெட்டு கெடந்துச்சு. சந்தேகப்பட்டு முன்னாடியே போய் நின்னேன். கால்வாய்க்கரையில ஒரு வீடு. கதவுக்குள்ளருந்து ஒரு பொம்பளக் கை நீண்டுச்சு... அவுக கண்ணத் தொடச்சு விட்டுச்சு மேடம்!"

"பெறகு?"

"பூத்துக்கு வந்து எனக்குப் போன் பண்ணுனாக. ஆபீஸ்ல இருக்கேன்னாக. நான் வீட்ல இருக்கேன்னேன். 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாக... எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லாரிதான் நின்னுச்சு!"

மூச்சு வாங்கினாள்.

"கரையோரமாத் திரும்பி நடந்தாக. பின்னாடியே போயி ஒரே தள்ளு... நீச்சல் தெரியாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் தள்ளுனேன்!"

சொர்ணலதா அதட்டவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அந்தக் கை யாரு கைன்னு பாக்கலையா, ஆத்தா?"

"எவளா இருந்தா எனக்கென்ன!"

ஸ்பீக்கரிலிருந்து ஒரு விம்மல் வந்தது. கிறிஸ்டோபருடையது அல்ல; பூத்தில் அவனோடு நின்ற ஒரு பெண்ணுடையது.

"அம்மா... நான் ஷர்மின்ம்மா..."

ஷர்மின்! அவள் பெற்ற ஒரே மகள். வீட்டைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு நாலு வருஷத்துக்கு முன்னால் போனவள். 'அவ பேர எடுத்தா மருந்தக் குடிச்சிருவேன்' என்று நசீமா குர்ஆன் மேல் கை வைத்துச் சொன்னதிலிருந்து, ஷரீப் அந்தப் பேரை வீட்டில் உச்சரித்ததே இல்லை. போய்ப் பார்ப்பதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

"அம்மாவுக்குப் பயந்துதான்டி ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றேன்னு அத்தா அழுதாகம்மா... நான்தான் கண்ணத் தொடச்சேன்..."

நசீமா தரையில் சரிந்தாள். அவள் வாயிலிருந்து வந்த ஓலத்தைக் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

தொப்பியை எடுத்துக்கொண்ட சொர்ணலதா, ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"ஏப்பா கிறிஸ்டோபரு... புருஷன் பொஞ்சாதி உண்மையப் பேசிக்கிறதுக்கு ஒரு மிஷினு வந்தாச் சொல்லு. மொதல்ல எம் வீட்ல ஒண்ணு மாட்டிரு!"