வரிசையில் முதல் ஆள்

ஃபைலில் நான்கு பேர் இருந்தார்கள். அவள் எழுதியது மூன்று பேரைத்தான்.

குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று பதிந்து வைக்கும் மென்பொருள் அது. சோதித்துப் பார்க்கத் தன் வீட்டையே அதில் போட்டிருந்தாள்: முதலில் தான், அடுத்து கணவன், பிறகு ஏழு வயது மகள். ஆளுக்கொரு அடையாள எண், அதாவது ஐடி, கொடுக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டதால், உறவுகள் வரிசையை வைத்தே பதிவாகின. மகளின் தாய் யார்? வரிசையில் முதல் ஆள். அவ்வளவுதான்.

நான்காவது ஆளுக்குப் பெயர் இல்லை. ஆனால் அதற்கு மட்டும் நீளமாக ஒரு ஐடி இருந்தது.

"என் ஃபைல்ல கை வச்சியா?" பக்கத்து மேசை டெஸ்டரிடம் கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா? உன் குப்பையை நீயே கூட்டு." அவன் திரும்பக்கூட இல்லை.

அழித்து, சேவ் செய்தாள். மதிய வெயில் ஜன்னல் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருக்க, ஏசியின் முனகலுக்கு அடியில் யாரோ பல்லைக் கடித்தபடி மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்க, கம்ப்யூட்டரின் சூட்டு வாடையோடு காயாத துணியின் முடைநாற்றம் கலந்து தொண்டையை அடைத்தது. ஃபைலை மறுபடி திறந்தாள்.

அந்த ஆள் வரிசையில் மகளுக்கு முன்னால் நின்றது.

அழித்தாள். இப்போது கணவனுக்கு முன்னால்.

"சனியனே, போய்த் தொலை!" மறுபடி அழித்தாள்.

முதல் இடம்.

அவள் இரண்டாவதாகத் தள்ளப்பட்டிருந்தாள். தாய் என்ற வரி மட்டும் மாறவில்லை. வரிசையில் முதல் ஆள்.

கை தானாகப் போனை எடுத்துப் பள்ளிக்கூடத்தை அழைத்தது. மகளின் பெயரையும் வகுப்பையும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணா? அவங்க அம்மா இப்பதானே வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"நான்தாங்க அவ அம்மா!"

மறுமுனையில் குரல் இறுகியது. "யாரும்மா நீ? இன்னொரு வாட்டி போன் பண்ணினா போலீசுக்குச் சொல்லிடுவேன்."

ஓடினாள். ஆட்டோ. மாடிப்படி. மூச்சு வாங்கியது. சாவி திரும்பியது, ஆனால் உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. கை நுழையும் அளவுக்குத்தான் கதவு திறந்தது.

"பாப்பா! அம்மாடா. கதவைத் திற!"

இடுக்கில் கணவனின் முகம். பன்னிரண்டு வருடம் பார்த்த முகம். அதில் அவளைத் தெரிந்த அடையாளம் ஒரு துளியும் இல்லை.

"யார் வேணும் உங்களுக்கு?"

"ஏங்க, நான்தாங்க..."

"வீடு மாறி வந்திருக்கீங்க. கையை எடுங்க, கதவைச் சாத்தணும்."

அவன் தோளுக்குப் பின்னால் சோபா. சோபாவில் அவளுடைய புடவை. புடவைக்குள் ஒருத்தி. மடியில் மகள்.

அந்த உருவத்துக்கு முகம் இல்லை. வழவழவென்று வெறும் தோல். மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அதில் கவனமாக வரைந்துகொண்டிருந்தாள்.

"ஆடாதம்மா," என்று அதைச் செல்லமாக அதட்டினாள்.

ஒரு கண்ணை வரைந்து முடித்திருந்தாள்.

அது கதவுப் பக்கம் திரும்பியது.