அர்டிஸ் கபேயில் எலி

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. மினசோட்டாவில் எல்க் மார்ஷ் ஊருக்கு இருக்கிற ஒரே சாப்பாட்டுக்கடை அர்டிஸ் கபே. அங்கே ஈ காக்கை இல்லை. மற்ற நாளில் அந்த நேரத்துக்கு உட்கார இடம் கிடைக்காது.

"எழவு வீடு மாதிரி இருக்கு பாரு," என்றாள் அர்டிஸ் ஹாகன். எழுபது வயசுக்காரி, அழுதறியாதவள். இன்றைக்கு மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் போன வாரம் தொடங்கிய கூத்து. இணையத்தில் தேடும் பெட்டியில் 'அர்டிஸ் கபே' என்று தட்டினால் போதும், அது தானாகவே 'அர்டிஸ் கபே எலி' என்று முடித்து நீட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு எவனுக்கு முட்டைப் பொரியல் இறங்கும்?

"இது போலீஸ் வேலையா அர்டிஸ்?" என்றாள் துணை ஷெரிஃப் மார்லிஸ் ட்வெய்ட்.

"வேற யார் வேலைடி? இப்படியே போனா சனிக்கிழமை பூட்டணும். பூட்டறது பெரிசில்ல. எலிக்காரின்ற பேரோட பூட்டணும். அதான் தாங்கல."

அவள் புருஷன் ஆர்லன் மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பாவம், தேடினால் தானாக எலி வருகிறது என்று தேவாலயத்து ஜெபச் சங்கிலியில் முதலில் சொன்னவரே அவர்தான். யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் ஒருவர் அடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, 'ஜெபம் பண்ணுங்க' என்று கடத்துவது அந்த ஊர் வழக்கம்.

மார்லிஸ் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒரு புழுக்கை இல்லை. சுகாதார அதிகாரியும் அதையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரி, இணையத்தில் எவனாவது எழுதினானா? அந்த வரியை அழுத்தினால் ஒன்றுமே வரவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா? இங்கே புகைந்தது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மாவட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர்க்காரன் டேரிலைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்தப் பெட்டிக்கு எலியும் தெரியாது, பூனையும் தெரியாது. பல பேர் தட்டினதை அடுத்தவனுக்கு நீட்டும், அவ்வளவுதான். சின்ன ஊரு, அபூர்வமான பேரு. கொஞ்சம் பேர் தட்டினாலே பிடிச்சுக்கும்."

"அது வருதான்னு பாக்கத்தானேய்யா எல்லாரும் தட்டினாங்க!"

"அப்ப எனக்கும் குழப்பம்தான்," என்று வைத்துவிட்டான்.

கோழி முதலா, முட்டை முதலா? மார்லிஸ் சங்கிலியின் கடைசி ஆள். அவள் தட்டியபோது எலி தானாக வந்தது. அவளைக் கூப்பிட்டது இரும்புக்கடை டென்னி.

"உனக்குத் தானா வந்துச்சா?"

"முதல்ல வரல. ரெண்டாவது தடவை வந்துச்சு. என் விரல் தடிமன், தப்பாத் தட்டியிருப்பேன்."

அப்படியே ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போய், சங்கிலியில் ஆர்லனுக்கு அடுத்தவளான வெர்னா வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு வரவே இல்ல," என்றாள் வெர்னா. "என் போன் பழசு. முழுசா நானே தட்டினேன்."

"வரலன்னு ஏன் சொல்லல?"

"அந்த மனுஷன் குரல் உடைஞ்சு பேசறாரு. 'நீங்க சொன்னது வரலையே'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்றதா? நல்லா இருக்கே!"

மார்லிஸ் நேராகக் கபேக்குப் போனாள்.

"கடைசியில நின்ன எனக்குத் தானா வந்துச்சு. வெர்னாவுக்கு வரவே இல்ல. அவளுக்கு அப்புறம் வந்த பாதிப் பேருக்கும் வரல. எல்லாரும் கையாலயே தட்டி, மரியாதைக்கு வாயை மூடிட்டாங்க. அவங்க தட்டினதுதான் எனக்கு வந்த எலி. வெர்னாவுக்கு முன்னாடி இருந்தது ஒரே ஒருத்தர். அவருக்கு மட்டும் எப்படித் தானா வந்துச்சு? வரல. வந்துச்சுன்னு சொன்னாரு. இல்லையா ஆர்லன்?"

அர்டிஸ் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அக்டோபர்ல உன் நெஞ்சுக்குள்ள குழாய் வெச்சாங்க," என்றார் ஆர்லன் தரையைப் பார்த்து. "டாக்டர் அடுப்படியில நிக்காதேன்னாரு. நீ கேக்கல. கூட்டம் குறைஞ்சா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன். இந்தச் சனியன் பெட்டி இப்படிப் பிடிச்சுக்கும்னு சத்தியமாத் தெரியாது."

"ஏன்யா, 'எனக்குப் பயமா இருக்கு, விட்டுடு'ன்னு என்கிட்ட ஒரு தடவை சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா கிறிஸ்துமஸுக்கே பூட்டியிருப்பேன். எனக்கும் பயம்தான். ராத்திரியெல்லாம் பயம்." அவள் கரண்டியை மேடையில் வைத்தாள். "இப்ப எப்படிப் பூட்டுவேன்? பூட்டினா எலி நெசம்னு ஆயிடுமே!"

மார்லிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அர்டிஸ் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுப்பைப் பற்றவைத்தாள்.