எல்லோரும் ஆஜர்

பேருந்து நிறைய ஆட்கள் இருந்தார்கள். மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் அமிர்தகௌரி ஒருத்திதான்.

மற்றவர்களெல்லாம் நிகராள்கள், ஆளுக்குப் பதிலாகப் போகும் இயந்திரங்கள். செவ்வாய்க் கிரகத்தின் செம்பொழில் நகரத்தில் அது தினப்படிக் காட்சி. கல்யாணத்தில் தலைகாட்ட வேண்டுமா, துக்கம் விசாரிக்க வேண்டுமா, ரேஷன் வரிசையில் நிற்க வேண்டுமா, நிகராளை அனுப்பிவிட்டு வீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம். உங்கள் முகம், உங்கள் குரல், உங்கள் நடை. எழவு வீட்டில் உங்களைவிட நன்றாகவே அழும். ஓர் இடத்தில் மட்டும் சட்டம் கறாராக இருந்தது. மூன்று வயதிலிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நேரில்தான் வரவேண்டும்.

அந்த ஒரு சட்டத்தை நம்பித்தான் கௌரி ஐம்பத்து நான்கு வயதில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அதற்கு முன்னால் சுரங்கத்தில் தாது ஏற்றும் லாரி ஓட்டினாள். வாழ்க்கையில் பாதியை அந்த லாரிக்குள் தனியாக, பேச்சுத் துணைக்கு நாதியில்லாமல் கழித்தாள். பிறகு லாரிகள் தாமே ஓடக் கற்றுக்கொண்டன. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் இன்னொரு தொழில் படிக்க ஒரே ஒரு வாய்ப்புத் தரும். தொடக்கப்பள்ளியா, உயர்நிலைப்பள்ளியா என்று அவள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், ஆயுசுக்கும் மாற்ற முடியாது. அதனால் அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாள் பாடம் நடத்திப் பார்க்க அனுமதித்திருந்தார்கள்.

"உயர்நிலையையே எடு, கௌரி" என்றார் அவள் கணவர் செல்வநாயகம். "நாலு பேர் மதிப்பாங்க. சின்னதுங்களுக்கு மூக்குத் துடைக்கவா இந்த வயசுல உக்காந்து படிச்சே?"

"மூக்கு ஒழுகுற மனுஷப் பிள்ளையா இருந்தா போதுங்க. எனக்கு உசிருள்ள சத்தம் கேக்கணும்."

அவர்களுடைய மூன்று வயது மகள் குயிலி அப்பாவின் முதுகில் ஏறிச் சவாரி போய்க்கொண்டிருந்தாள். ஐம்பதில் பிள்ளை பெறுவது அங்கே ஒன்றும் அதிசயமில்லை.

முதலில் உயர்நிலைப்பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்பு, இயற்பியல். அடேயப்பா, என்ன ஒழுங்கு! கொட்டாவி இல்லை, குசுகுசுப்பு இல்லை, எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்திருந்தது. கௌரிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பரவசத்தில், கோபுரத்திலிருந்து விழும் பந்தின் கணக்கைப் போடும்போது, செவ்வாயின் ஈர்ப்புக்குப் பதிலாகப் பூமியின் ஈர்ப்பைப் போட்டுவிட்டாள். பந்து ஒன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில் தரைக்கு வந்து சேர்ந்தது. செவ்வாயில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிரித்திருக்க வேண்டும். ஒருத்தர் விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

முன்வரிசைப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அடுத்தவனைத் தொட்டாள், அதற்கடுத்தவளையும் தொட்டாள். வகுப்பு முழுக்க நிகராள்கள், ஒரு பிள்ளைகூட இல்லை.

"சார், இது என்ன அநியாயம்?" என்று வகுப்பாசிரியர் அருளப்பனிடம் ஓடினாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. பிள்ளைங்க எல்லாம் பயிற்சி மையத்துல இருக்காங்க. பூமிக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதணுமே, இங்க வந்து நேரத்தை வீணாக்க முடியுமா? வருகைப் பதிவுக்கு இதுங்க வருது."

"அதிகாரி வந்து பார்த்தா?"

"வர்ற அதிகாரியும் நிகராள்தான். தலையை எண்ணும், போயிடும்."

கௌரி அத்தோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனாலும் ஒரு நிம்மதி, முன்கூட்டியே தெரிந்துபோயிற்று, தப்பித்தோம் என்று.

மறுநாள் தொடக்கப்பள்ளி. வாசலிலேயே காது கிழிந்தது. ஒருவன் இன்னொருவனைக் கிள்ளினான், ஒருத்தி சோற்றுப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் புரண்டாள். ரெட்டைப்பின்னல் போட்ட ஒரு பெண் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நிலா ரெண்டும் சண்டை போட்டுக்குமா?"

"போடாதும்மா. ரெண்டும் வேற வேற பாதையில போகுது."

"வழி மறந்துட்டா?"

கௌரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத் தனிமைக்கும் இந்த ஒரு கேள்வி போதும் என்று தோன்றியது; கண்ணீர் வந்துவிட்டது. அன்று மாலையே இயக்குநரகத்துக்குப் போய்த் தொடக்கப்பள்ளி என்று கையெழுத்துப் போட்டாள். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் கண்டுகொள்ளவில்லை.

பயிற்சி முடிந்து அதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த ரெட்டைப்பின்னல் பெண் ஓடி வந்து படியில் தடுக்கி விழுந்தாள். வீறிட்டு அழுதாள். கௌரி பதறியடித்து வாரி எடுத்து மடியில் போட்டு முழங்காலைப் பார்த்தாள். தோல் கிழிந்திருந்தது. ரத்தம் இல்லை. உள்ளே வெள்ளிக் கம்பிவலை மின்னியது. பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை மெர்சி பதறாமல் வந்து ஒரு பசைத்துண்டை ஒட்டினாள்.

"புது ரகம்மா. தொட்டா வெதுவெதுன்னு இருக்கும்; அழும், கிள்ளும், கேள்வி கேக்கும். பெரிய வகுப்புக்கு ஊமை ரகமே போதும். சின்ன வகுப்புல சும்மா உக்காந்திருந்தா பிள்ளைக்கு மூளை மந்தம்னு எழுதிடுவாங்களோன்னு பெத்தவங்களுக்குப் பயம். அதனால நல்ல ரகமாத்தான் வாங்குறாங்க."

"அப்போ... பிள்ளைங்க?"

"மையத்துலதான். மூணு வயசுல உக்கார வெச்சாத்தானே பதினேழுல பூமியில சீட்டு? ஆமா, நீங்க ஏன் நேர்ல வந்தீங்க? உங்க நிகராளை அனுப்பியிருக்கலாமே. நான்கூட இன்னைக்கு ஏதோ வேலையா வந்தேன்."

கௌரி மடியிலிருந்ததை இறக்கி விட்டாள். கையெழுத்துப் போட்டாயிற்று. இனி ஆயுசுக்கும் இந்த வகுப்புதான், இந்த அழுகைதான். லாரியாவது அவளை ஏமாற்றியதில்லை.

அன்று மாலை செல்வநாயகம் வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் ஒரே சந்தோஷம்.

"நம்ம குயிலிக்கு மையத்துல இடம் கிடைச்சிருச்சு, கௌரி! எத்தனை பேர் காலைப் பிடிச்சேன் தெரியுமா!"

"யாரைக் கேட்டுச் சேர்த்தீங்க?" பையை விட்டெறிந்தாள். "அவளுக்கு மூணு வயசுதாங்க ஆகுது! அவளை நான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். என் வகுப்புல உக்காருவா. ஒரே ஒரு பிள்ளையாவது நெசமா உக்காரட்டும்!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சரி, கூட்டிட்டுப் போ. யார்கூட விளையாடுவா? ஊர்ப் பிள்ளைங்க பூரா மையத்துல இருக்கு. நம்ம பிள்ளை மட்டும் அந்தப் பொம்மைங்க நடுவுல உக்காந்து என்ன ஆகப்போறா? நாளைக்கு எல்லாரும் பூமிக்குப் போயிட்டா, இவ இங்கயே கிடப்பா. நீ லாரி ஓட்டினயே, அந்த மாதிரி."

கௌரி சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளறையில் குயிலி எதையோ தள்ளிவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு விட்டெறிந்த பையை எடுத்து மாட்டிவிட்டு, "சரி, அங்கயே போகட்டும்" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவளுக்கு ஒரு நிகராள் சொல்லணும்" என்றார் அவர் தயங்கித் தயங்கி. "ஊமை ரகமே எடுத்துடலாமா? நீதானே டீச்சர், யாரு கேக்கப் போறா?"

"வேண்டாங்க" என்றாள் கௌரி. "கேள்வி கேக்குறதாப் பாத்து வாங்குங்க. நாள் பூரா நான் அதுகூடத்தானே இருக்கணும்."