லிட்டருக்குப் பதினைந்து

வெல்வெட் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கழுத்து வடிவத்தில் ஒரு பள்ளம் மட்டும்தான் இருந்தது. வைர நெக்லஸைக் காணவில்லை.

முதலில் பார்த்தவர் வீட்டுக்கார ஐயா. ஒற்றைக் கண்ணில் கட்டு. முந்தின நாள் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, இரவு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டு, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, காலையில் அவளுடைய நெக்லஸை ஒரு தடவை பார்த்த பிறகுதான் அவருக்குக் காபியே இறங்கும்.

காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

பூட்டு உடையவில்லை. பீரோவைச் சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள்.

"சாவி எங்க இருக்கும்?"

"அவ போட்டோவுக்குப் பின்னால."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அண்ணன் மகனுக்கு. அப்புறம் டிரைவருக்கு."

"கடைசியா நகையை எப்போ பார்த்தீங்க?"

"நேத்து காலைல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."

ஐயாவின் அண்ணன் மகன் குறுக்கே புகுந்தான். மாடியறைவாசி. இஸ்திரி கலையாத சட்டை, கையைவிட்டு இறங்காத போன்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்? நேத்து மதியம் டிரைவர் தனியா வந்தான். சித்தப்பாவுக்கு மாத்து சட்டை எடுக்கணும்னான். அரை மணி நேரம் உள்ளே இருந்தான்."

"அப்போ நீங்க?"

"மாடியில. நேத்து பூரா நான் வாசல் தாண்டல. நம்பலைன்னா என் காரைக் கேளுங்க."

போனை நீட்டினான். அவனுடைய மின்சாரக் கார் நேற்று காலை முதல் சார்ஜரை விட்டு நகரவில்லை என்று திரை சாட்சி சொன்னது.

டிரைவர் வராந்தாவில் நின்றிருந்தான். இரவு பூராவும் ஆஸ்பத்திரி நாற்காலியில் கண் விழித்த முகம்.

"சட்டையும் கண்ணாடியும்தான் எடுத்தேன் மேடம். வாசல்ல டாக்ஸி காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுலயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிட்டேன். அப்புறம் ஐயாவை விட்டு அசையல."

"வீட்ல ரெண்டு கார் நிக்கறப்போ டாக்ஸி எதுக்கு?"

"ஒண்ணு சார்ஜர் தம்பியோடது. தொட்டா ஷாக் அடிக்கும். காரு இல்ல மேடம், அவரு."

கான்ஸ்டபிள் மீசைக்குள் சிரித்தார்.

"ஐயாவோட டீசல் வண்டியில புகை ஃபில்டர் அடைச்சுக்கிட்டு மஞ்சள் விளக்கு எரியுது. நடுவழில நின்னு மானத்தை வாங்கிட்டா? அதான் அதை வெளியே எடுக்கல."

இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் திரும்பினாள். "உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

ஐயா கட்டில்லாத கண்ணையும் மூடிக்கொண்டார். "டிரைவர் ரூமைச் சோதிச்சிடுங்க" என்றார்.

டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அறையில் ஒரு பாயும் இரண்டு சட்டையும் தவிர எதுவும் சிக்கவில்லை. "போற வழியிலயே யார் கையிலயாவது தள்ளிவிட்டிருப்பான்" என்றான் அண்ணன் மகன். கான்ஸ்டபிள் டிரைவரை ஜீப்பில் ஏற்றினார்.

"கிளம்பலாமா மேடம்?"

"இருங்க. அந்த டீசல் வண்டியைப் பார்த்துட்டு வந்துடறேன்."

ஷட்டர் உயர்ந்தது. நீளமான கறுப்புக் கார். கணவனும் மனைவியுமாகத் தூர தூரமாகப் போய்வர ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது வீடு விட்டால் கிளினிக், கிளினிக் விட்டால் வீடு.

"இதையா பார்க்க வந்தீங்க?" அண்ணன் மகன் உதட்டைச் சுழித்தான். "டீசல் கதை முடிஞ்சு போச்சு மேடம். இந்த விலைக்கு வர்ற கார்ல இனி எவன் டீசல் கேட்பான்? லிட்டருக்கு எட்டுகூட உருப்படியாத் தராது."

"அது ஊருக்குள்ள" என்றார் ஐயா. "ஹைவேல விட்டா அப்படியே இரட்டிக்கும். அவ பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே வருவா."

"நேத்து இதை யாராவது எடுத்தாங்களா?"

"யார் எடுப்பா? நான்தான் இங்கேயே இருந்தேனே. ஷட்டரே திறக்கல" என்றான் அவன்.

"கிலோமீட்டர் குறிச்சு வைக்கிறது உண்டா ஐயா?"

"எங்கம்மா போறோம், குறிச்சு வைக்க?"

சுவர் ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்து, இன்ஸ்பெக்டர் உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். விளக்குகள் எல்லாம் ஒரு நொடி எரிந்து அணைந்தன. டீசல் முள் பாதியில் நின்றது. திரையில் ஒரு வரி: கடைசிப் பயணம், சராசரி, லிட்டருக்குப் பதினைந்து.

இன்ஜினை நிறுத்தினாள்.

"டிரைவரை இறக்கிவிடுங்க" என்று குரல் கொடுத்தாள். பிறகு அண்ணன் மகனைப் பார்த்தாள். "நெக்லஸ் எந்த ஊர்ல இருக்கு தம்பி?"

"என்ன உளர்றீங்க?"

"என்கிட்டயும் ஒரு பழைய டீசல் கார் இருக்கு. வீடு, ஸ்டேஷன், வீடு. அதுலயும் இதே மஞ்சள் விளக்கு வந்துச்சு. மெக்கானிக் சொன்னான், 'மேடம், ஹைவேல தூரமா எங்கயாவது போய்ட்டு வாங்க. சூட்டுல கரி எரிஞ்சு, விளக்கு தானா அணைஞ்சிடும்'னு. எங்க போறதுன்னு எனக்கு ஒரு ஊரும் தோணல. சும்மா ஹைவேல போய், ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பினேன். விளக்கு அணைஞ்சிருந்துச்சு."

டேஷ்போர்டைத் தட்டினாள்.

"இங்கயும் அணைஞ்சிருக்கு. பதினைந்து கொடுத்திருக்கு. நேத்து இந்த வண்டி ஊரைத் தாண்டி ஓடியிருக்கு. டிரைவருக்குக் கிடைச்சது அரை மணி நேரம், அதுவும் டாக்ஸியை வாசல்ல நிறுத்தி வச்சுக்கிட்டு. அவர் வந்து போனதைப் பார்த்ததும் பழி போட ஆள் கிடைச்சாச்சுன்னு உங்களுக்குத் தோணியிருக்கு. உங்க கார் போற இடமெல்லாம் பதிவாகும். அதனால அதைச் சார்ஜ்ல சாட்சிக்கு விட்டுட்டு, இதை எடுத்தீங்க. டீசல் போட்டு முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தீங்க. சார்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்தே பழகின கண்ணு. மத்தது எதுவும் படல. சுங்கச்சாவடி கேமராவைப் பார்க்கவா, நீங்களே சொல்றீங்களா?"

அவன் பானெட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சும்மா பெட்டிக்குள்ள தூங்குது சித்தப்பா" என்றான். "செத்துப் போனவங்களுக்கு எதுக்கு வைரம்? பக்கத்து ஊர்ல சிநேகிதன் வீட்லதான் இருக்கு. இன்னும் விக்கல."

ஜீப்பில் டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஐயாவின் கடைசி உறவு ஏறி உட்கார்ந்தது.

டிரைவர் தன் அறைக்குப் போனான். பையோடு வந்து, கார் சாவியை ஐயாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"ராத்திரி பூரா உங்க கட்டில் பக்கத்துலதான் ஐயா உட்கார்ந்திருந்தேன். காலைல அவங்க கேட்டப்போ, 'அவன் எடுக்க மாட்டான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்." பையைத் தோளில் மாட்டினான். "வண்டி நல்லா இருக்கு. இனி எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகும்."

கேட் கிறீச்சிட்டது. ஐயா சாவியைப் பிடித்தபடியே நின்றார். கட்டில்லாத கண்ணிலும் நீர் திரையிட்டிருந்தது.

"மேடம், எனக்குச் சரியாத் தெரியல. அவன் திரும்பிப் பார்த்தானா?"

தெருமுனை வரை டிரைவர் திரும்பவேயில்லை.

"பார்த்தார்" என்றாள் இன்ஸ்பெக்டர்.