அழித்தாலும் திரும்பி வந்த படங்கள்

விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் காலை, தரம் ஆறில் ஒருவர்கூட பிரின்ஸியோடு பேசவில்லை.

பள்ளிக்கூடக் கெமராவில் படம் எடுக்கும் பொறுப்பு அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. மைதானம் முழுக்க ஓடி ஓடி, கெமராவை ஒரு தடவைகூட நிறுத்தாமல் படம் எடுத்தாள். கெமராவின் சின்னத் திரையில் எல்லோருக்கும் காட்டவும் செய்தாள். ஆனால் இன்று காலை வகுப்பாசிரியர் விஜேந்திரன் சேர் அதைத் திறந்து பார்த்தபோது, புதுப் படம் ஒன்றுகூட இல்லை.

"பழைய படங்கள்ல கொஞ்சத்தை அழிச்சிட்டு, புதுசுக்கு இடம் எடுக்கச் சொன்னேன்," என்றார் சேர். "நீ மாத்தி அழிச்சிட்ட போல. பழசெல்லாம் அப்படியே இருக்கு. புதுசைத்தான் காணோம்."

"இல்லீங்க சேர். பழசைத்தான் அழிச்சேன்," என்றாள் பிரின்ஸி.

"பொய் சொல்றா சேர்!" என்று எழுந்து நின்றான் ஜெயகாந்த். நூறு மீற்றர் ஓட்டத்தில் அவன்தான் முதலாவது. ஒரு போட்டியில் அவன் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. "எங்கம்மா குவைத்துல இருந்து படம் எங்க, படம் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் என்னத்தை அனுப்புறது?"

பிரின்ஸி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த றிஸ்னாவுக்குத் தோழியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு மண்டைக்குள் ஒரு கேள்வியும் குடைந்தது. கேள்வி கேட்காவிட்டால் றிஸ்னாவுக்குச் சோறு இறங்காது என்று அவளுடைய உம்மா சொல்வது சும்மா இல்லை.

"சேர், ஒரு சந்தேகம்," என்று கையை உயர்த்தினாள். "போட்டி தொடங்குறதுக்கு முந்தி பிரின்ஸி படங்களை அழிச்சா. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். அந்த நேரம் கெமராவுல புதுப் படம் ஒண்ணுமே இல்லையே. பிறகு எப்படி மாத்தி அழிக்க முடியும்?"

சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அழிச்ச படம் எப்படித் திரும்பி வந்திச்சு, சேர்?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல," என்றார் சேர் உண்மையாகவே.

அன்று பள்ளிக்கூடம் விட்டபோது, கெமராவின் மெமரி கார்ட் ஒரு கடித உறைக்குள் பத்திரமாக றிஸ்னாவின் பையில் இருந்தது. "உங்க வீட்டுக் கொம்பியூட்டர்ல போட்டுப் பாரு. அதுல நாலு வருசத்துப் படம் இருக்கு, கவனம்," என்று சேர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

*

அலுவிகாரை என்ற ஊரில், பெரிய வீதியைப் பார்த்தபடி இருந்தது றிஸ்னாவின் வீடு. அவள் 'நானா' என்று கூப்பிடும் மூத்த சகோதரன் றினோஸ் உயர்தரம் படிக்கிறான். வீட்டில் இருக்கும் ஒரே கொம்பியூட்டருக்கு அவன்தான் ராஜா.

"இவ்வளவுதானா விசயம்?" என்றான் றினோஸ். "ஃபோர்மட் பண்ணினா எல்லாம் சரியாகிடும். கார்டைத் தா."

"ஃபோர்மட் பண்ணினா உள்ளுக்க இருக்கிறதெல்லாம் போயிருமே, நானா. முதல்ல எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல கொப்பி பண்ணி வைப்போம். பிறகு எதையும் செஞ்சு பார்க்கலாம்."

"நீ பெரிய டொக்டர்," என்று முணுமுணுத்தாலும் றினோஸ் அப்படியே செய்தான்.

பெரும்பாலான படங்கள் ஒழுங்காக வந்தன. சிலவற்றின் பெயர்கள் மட்டும் கட்டமும் கோடுமாகக் கிறுக்கி வைத்ததுபோல் இருந்தன. அவை திறக்கவே மறுத்தன. ஒரு படம் பாதி திறந்தது. மேலே விஜேந்திரன் சேரின் தலை. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"சேரை யாரோ சாம்பல் மூட்டைக்குள்ள போட்டுக் கட்டியிருக்காங்க," என்று றிஸ்னா சிரித்தாள். பிறகு அந்தப் படத்தை அழித்தாள். உடனே மறைந்தது.

"பார், போயிட்டுது," என்றான் றினோஸ்.

"கார்டைக் கழற்றித் திரும்பப் போடுங்க, நானா."

போட்டான். சேரின் தலை சாம்பல் மூட்டையோடு மறுபடி வந்து நின்றது!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கார்டின் ஓரத்தில் ஒரு குட்டிப் பூட்டு இருந்தது. அதைக் கீழே தள்ளினால் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ முடியாது என்று றினோஸ் விளக்கினான். ஆனால் பூட்டு மேலேதான் இருந்தது. நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பலனில்லை.

"எங்க கொம்பியூட்டர்ல பிழை இருக்குமோ?" என்று கேட்டாள் றிஸ்னா.

றினோஸ் தன்னுடைய கார்ட் ஒன்றைப் போட்டு, அதிலிருந்த ஒரு படத்தை அழித்தான். கழற்றிப் போட்டான். அந்தப் படம் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் கொம்பியூட்டரில் பிழை இல்லை.

"இப்ப ஃபோர்மட் பண்ணலாமா, டொக்டர் அம்மா?"

"பண்ணுங்க."

"முடிந்தது" என்று திரையில் எழுத்து வந்தது. கார்ட் காலியாகக் கிடந்தது. றினோஸ் கையைத் தட்டிக்கொண்டான். கழற்றித் திரும்பப் போட்டதும் அவன் கை அப்படியே நின்றது. நாலு வருசத்துப் படங்களும் ஒன்று குறையாமல் வந்துவிட்டன.

"உம்மா! இந்தக் கார்டுல பேய் இருக்கு!" என்று கத்தினான்.

"பேயைப் பிறகு பார்க்கலாம், வந்து தேத்தண்ணியக் குடிங்க!" என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

றிஸ்னா நகரவில்லை. அழிப்பதைச் சோதித்தாயிற்று. சேர்ப்பதை இன்னும் சோதிக்கவில்லையே! கொம்பியூட்டரில் ஒரு பூனை வரைந்தாள். மீசை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பூனையைக் கார்டில் போட்டாள். இருந்தது. கழற்றித் திரும்பப் போட்டாள்.

பூனையைக் காணவில்லை.

"நானா, விளங்கிட்டுது!" றிஸ்னா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "இந்தக் கார்ட் எதையும் அழிக்கிறதும் இல்ல, புதுசா எதையும் வாங்குறதும் இல்ல. சரி சரின்னு தலையை மட்டும் ஆட்டுது. பிரின்ஸி உண்மையைத்தான் சொல்லியிருக்கா!"

இருவரும் இணையத்தில் தேடினார்கள். பல வருடம் பாவித்துத் தேய்ந்துபோன கார்ட்கள் சில இப்படி ஆகும் என்று அதில் இருந்தது. உள்ளே இருப்பதைப் படிக்கலாம். எதையும் மாற்ற முடியாது. எழுதிவிட்டதுபோலப் பாசாங்கு செய்யும். மின்சாரம் நின்றதும் எல்லாம் போய்விடும்.

"அப்ப விளையாட்டுப் போட்டிப் படங்கள்?"

அழிந்த படங்களைத் தேடி எடுக்கும் ஒரு மென்பொருளை றினோஸ் ஓடவிட்டான். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அது தேடியது. பழைய படங்கள்தான் வந்தன.

"அந்தப் படங்கள் கார்டுல பதியவே இல்ல, றிஸ்னா. பதியாததை எப்படி எடுக்குறது?"

றிஸ்னா ஆறிய தேத்தண்ணியைக் குடித்தாள். ஜெயகாந்தின் முகம் நினைவுக்கு வந்தது.

*

"சேர், கொஞ்சம் இப்படி நில்லுங்க. ஒரு படம் எடுக்கணும்," என்றாள் றிஸ்னா மறுநாள் வகுப்பில், அதே கார்டைக் கெமராவில் போட்டுக்கொண்டே.

விஜேந்திரன் சேர் தலையைச் சீவிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து நின்றார். றிஸ்னா படம் எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். பிறகு கெமராவை நிறுத்தி, மறுபடி போட்டாள்.

"நான் எங்க?" என்றார் சேர்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கார்ட் செய்த கூத்தை றிஸ்னா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோணல் மீசைப் பூனையையும் விடவில்லை. அவள் சொல்லி முடிக்கும்போது பிரின்ஸியின் தலை நிமிர்ந்திருந்தது.

"பிரின்ஸி, என்மேலதான் பிழை. சரியாப் பார்க்காம உன்னைக் குற்றம் சொல்லிட்டேன். மன்னிச்சிக்க," என்றார் சேர் எல்லோர் முன்னிலையிலும்.

ஜெயகாந்த் அவள் மேசைக்கு அருகில் வந்தான். காலால் நிலத்தைத் தேய்த்தான். "நானும் நீ பொய் சொல்றதா சொல்லிட்டேன்... மன்னிச்சிரு."

"பரவாயில்ல," என்றாள் பிரின்ஸி. "ஆனா உன் படம் போயிருச்சே."

"படம்தானே போச்சு," என்றாள் றிஸ்னா. "ஓடின காலெல்லாம் இங்கதானே இருக்கு? இன்னொரு தடவை ஓடுவோம்!"

இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். சேர் புதுக் கார்ட் ஒன்றைக் கெமராவில் போட்டுக் கொடுத்தார். கெமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஓட்டம் முடியும் இடத்தில் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள் பிரின்ஸி.

"ஜெயகாந்த்தான் முதல்ல வரணும். மத்தவங்க மெதுவா ஓடுங்க," என்றாள் றிஸ்னா.

"சரி, சரி," என்றார்கள் எல்லோரும்.

சேர் விசில் ஊதினார். சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. எல்லோரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். போட்டியன்று இரண்டாவதாக வந்த நளீம், இன்று ஜெயகாந்தையும் தாண்டிவிட்டான்!

"நளீம்! மெதுவா!" என்று கத்தினாள் றிஸ்னா.

கயிற்றுக்கு ஓரடி முன்னால் நளீமுக்கு ஞாபகம் வந்தது. சடாரென்று நின்றான். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக அவன்மேல் விழுந்தார்கள். ஜெயகாந்த் மட்டும் பக்கத்தால் பாய்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல், இரண்டு கைகளையும் தூக்கியபடி கயிற்றை அறுத்துக்கொண்டு போனான்.

கிளிக்!

பிரின்ஸி கெமராவை நிறுத்தினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். மறுபடி போட்டாள்.

"இருக்கு!"

அன்று பின்னேரமே படம் சேரின் தொலைபேசியிலிருந்து குவைத்துக்குப் போனது. சற்று நேரத்தில் ஜெயகாந்தின் அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சேர் அதைச் சத்தமாகப் போட்டார்.

"என் ராசா! எவ்வளவு வேகமா ஓடியிருக்க! பாரு, நீ போன காத்துக்கே மத்த புள்ளைங்க எல்லாம் விழுந்து கிடக்குறாங்க!"