நான்கு கடிகாரங்களும் ஒரு கட்டைவிரலும்

வாசலில் வந்து நின்ற பெண் அழைப்பு மணியை அழுத்தவில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். மைதானத்தின் மறுகோடி வரை எட்டக்கூடிய குரல் அது. சமையலறையில் துப்பறிவாளரின் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

துப்பறிவாளர் அவசரப்படும் ஆசாமி அல்ல. பத்திரிகையை மடித்து வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் எழுவதற்குள் மைத்துனன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். மைத்துனனுக்குத் தொழில் காப்பீடு விற்பது. அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அத்தானின் வழக்குகளில் மூக்கை நுழைப்பதை அவன் அதைவிட முக்கியமான தொழிலாக நினைத்தான்.

வந்தவள் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள். அவ்வளவு உயரம்.

"நான் ரக்பி நடுவர், சார். கூட இருக்கறவங்க நெட்டைன்னு கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடலாம்."

"ரக்பியா?" என்றான் மைத்துனன். "முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில தூக்கிட்டு ஓடி, ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து புரளுவாங்களே?"

"அதேதான். அந்தப் புரளல்ல யார் தப்பு பண்றாங்கன்னு பாக்கறதுதான் என் வேலை. இப்ப நானே தப்பு பண்ணினதா சொல்றாங்க."

அவள் கலங்கிப்போயிருந்தாள். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அத்தானுக்கு இன்னொரு நாற்காலி கொண்டுவரப் பாய்ந்த மைத்துனன் முக்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

'பீப்' என்று ஒரு சத்தம். நெட்டையின் கட்டைவிரல் அவளுடைய இடது மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தின் மேல் இருந்தது. மைத்துனன் எழுந்து நின்றதும் இன்னொரு 'பீப்'.

"அது என்ன?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

அவள் கூச்சத்தோடு கையைப் பார்த்துக்கொண்டாள். "பழக்கம் சார். ஆள் விழுந்து அடிபட்டா ஆட்ட நேரத்தை உடனே நிறுத்தணும். எழுந்ததும் மறுபடி ஓட விடணும். பொத்தான் ஒண்ணுதான். ஒரு தடவை அழுத்தினா நிக்கும், இன்னொரு தடவை அழுத்தினா விட்ட இடத்துலேர்ந்து ஓடும். யோசிச்சு செய்யறதில்ல, விரலே செஞ்சிடும். கல்யாண வீட்டுல ஒரு குழந்தை தடுக்கி விழுந்தப்பவும் அழுத்தியிருக்கேன்."

"சரி, விஷயத்தைச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். சர்வதேச ரக்பி நடுவர்களுக்கு ஒரு தலைவர் உண்டு. எந்த ஆட்டத்துக்கு யார் விசில் ஊதுவது என்று முடிவு செய்பவர் அவர். பல வருடம் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர், யார் முதலில் நடுவரானாரோ அவருக்கே பெரிய ஆட்டம் என்று வரிசை வைத்திருந்தார். சமீபத்தில் அவர் விலகி, புதுத் தலைவர் வந்தார். வந்த வேகத்தில் வரிசையைத் தூக்கிக் கடாசினார். யார் நன்றாக ஊதுகிறார்களோ அவர்களுக்குத்தான் ஆட்டம் என்றார். இந்த ஆண்டின் இறுதியாட்டத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி நெட்டை. இன்னொருவர் பெரியவரின் மருமகன். எல்லோரும் அவரை மீசை என்பார்கள். யாருக்கு ஆட்டம் என்பதை நாளை அறிவிப்பதாக இருந்தது.

"இன்னிக்குக் காலையில பயிற்சி மையத்துல புதுத் தலைவர் பின்படிக்கட்டுக் கீழ விழுந்து கிடந்தார். தலையில அடி. கண்ணு முழிச்சிட்டார், ஆனா காலையில நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. யாரோ தள்ளிட்டாங்கன்னு பேச்சு."

"யாரோன்னா, நீங்க."

"காலையில அவர்கிட்ட நான் சத்தம் போட்டேன். ஏன் எங்களை இப்படிக் காக்க வச்சு வதைக்கறீங்கன்னு கேட்டேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, ஊரே கேட்டுது. சாயங்காலம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள என் மேல இருக்கற சந்தேகம் தீரலைன்னா இறுதியாட்டம் மீசைக்கு. அதுகூடப் போகட்டும் சார். ஆளைத் தள்ளிவிட்டவன்னு பேர் வந்துட்டா அப்புறம் பள்ளிக்கூடப் பசங்க ஆட்டத்துக்குக்கூட விசில் கொடுக்க மாட்டாங்க."

"விழுந்தப்ப அங்க வேற யார் இருந்தாங்க?"

"பக்கத்துல யாரும் இல்லை. அதுதான் பயிற்சியே." அவள் விளக்கினாள். ஆட்டத்தில் ஒரு பாதி என்பது நாற்பது நிமிடம். அது முடிவதை நடுவர் உள்ளுக்குள் உணர வேண்டும் என்பது புதுத் தலைவரின் கொள்கை. அதற்காக ஒரே விசிலுக்கு எல்லோரும் பயிற்சிக் கடிகாரத்தை ஓடவிட்டு, எண்கள் தெரியாதபடி பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வார்கள். ஆளுக்கொரு திசையில் தனியாக நடப்பார்கள். நாற்பது நிமிடம் ஆனதாகத் தோன்றும்போது திரும்பி வந்து பிளாஸ்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "இன்னிக்குப் புதுத் தலைவர், நான், மீசை, அப்புறம் சும்மா தமாஷுக்குப் பெரியவர். நாலு பேரும் நடந்தோம். புல் வெட்டறவர் 'ஆள் விழுந்து கிடக்கார்!'னு கத்தினதும் ஓடினோம்."

"கடிகாரங்களைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"அந்த நேரத்துல யாருக்கு சார் அந்த நினைப்பு? ஆம்புலன்ஸ் போனதும் கழட்டி ஆபீஸ் டப்பாவுல போட்டுட்டோம். தலைவரோடது மட்டும் அவர் கையிலேயே போயிருக்கும்."

துப்பறிவாளர் முதல் முறையாகச் சற்று வேகமாக எழுந்தார். "மாப்ளே, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. தலைவரோட கடிகாரத்தை வாங்கிட்டு வா. பிளாஸ்டரைப் பிரிக்காதே. பொத்தான் மேல உன் விரல் பட்டுச்சு, அக்கா வீட்டுச் சாப்பாடு அன்னியோட சரி."

பயிற்சி மையம் பழைய கட்டடம். பார்வையாளர் மாடத்தின் பின்புறம் சிமென்டுப் படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. காலையில் பெய்த மழை படிகளில் இன்னும் காயவில்லை. கடிகாரத்தோடு வந்து சேர்ந்த மைத்துனன் படியில் இருந்த சேற்றுத் தடத்தைப் பார்த்துத் துள்ளினான்.

"அத்தான், பூட்ஸ் தடம்! அடியில குமிழ் குமிழா இருக்கு!"

"இங்க இருக்கற எல்லாருக்கும் அதே பூட்ஸ்தான், மாப்ளே. உன் செருப்புத் தடம் இருந்தாத்தான் நான் கவலைப்படணும்."

புல் வெட்டுபவர் எதையும் பார்த்திருக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் எதுவும் காதில் விழவும் இல்லை. இந்தப் பக்கம் திரும்பியபோதுதான் தலைவர் கிடந்ததைக் கண்டாராம். எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று அவருக்குத் தெரியாது.

அலுவலக அறையில் மூன்று பேரையும் உட்கார வைத்தார் துப்பறிவாளர். மீசை பெயருக்கேற்ற மீசையை முறுக்காமல் தொங்கவிட்டிருந்தார். பக்கத்து ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். நெட்டை நீச்சல்குளப் பக்கம் இருந்ததாகச் சொன்னாள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நான் வாசல் கேட் பக்கம் போனேன். கத்தற சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்" என்றார். "யாரையும் குத்தம் சொல்லணும்னு இல்லை. ஆனா காலையில அவரோட மல்லுக்கு நின்னது இந்தப் பொண்ணு. அதை எல்லாருமே கேட்டோம்."

"ஆள் விழுந்தா நேரத்தை நிறுத்தணுங்கறதுல நீங்க ரொம்பக் கண்டிப்புன்னு கேள்விப்பட்டேன்."

பெரியவர் முகம் மலர்ந்தது. "உயிர் முக்கியம், ஆட்டம் அப்புறம். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு. இவங்க ரெண்டு பேரும் என் கையில வளந்தவங்கதான்."

துப்பறிவாளர் தலையசைத்தார். பிறகு சாவகாசமாகக் காலை நீட்டி, பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மைத்துனனின் நாற்காலிக் காலை ஒரு தள்ளு தள்ளினார். மைத்துனன் நாற்காலியோடு தொபுக்கடீர் என்று விழுந்தான். முழங்கை தரையில் உரசி ரத்தம் எட்டிப் பார்த்தது.

பீப், பீப், பீப்.

மூன்று வலது கைகளும் மூன்று இடது மணிக்கட்டுகளில், அவரவர் சொந்தக் கடிகாரத்தின் மேல் இருந்தன. அடுத்த கணம் நெட்டையும் மீசையும் பாய்ந்து வந்து மைத்துனனைத் தரையிலேயே நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். பெரியவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"மன்னிச்சுக்கோ மாப்ளே. முன்னாடியே சொல்லியிருந்தா நீ நல்லா விழுந்திருக்க மாட்டே" என்றார் துப்பறிவாளர். "இப்ப பயிற்சிக் கடிகாரங்களைப் பாக்கலாம்."

டப்பாவில் இருந்த மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டர்கள் மேல் அவரவர் கிறுக்கிய அடையாளம் இருந்தது. நெட்டையுடையதைப் பிரித்தார். நின்றிருந்தது. மீசையுடையதும் நின்றிருந்தது. இரண்டிலும் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. பெரியவருடையது ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான்!" முழங்கையைப் பிடித்தபடி மைத்துனன் கூவினான். "நின்னுபோனது ரெண்டு! இவங்க ரெண்டு பேரும் கூட்டு!"

"கூட்டுத்தான். நேர்மையில கூட்டு." துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புல் வெட்டறவர் கத்தினதும் எல்லாரும் ஓடி வந்தாங்க. ஆள் கிடக்கறதைப் பாத்தாங்க. விரல் தன் வேலையைச் செஞ்சுது. ஒரு தடவை அழுத்தினா கடிகாரம் நிக்கணும். இந்த ரெண்டும் நின்னுது. பெரியவரே, உங்களோடது மட்டும் ஏன் ஓடுது?"

"பதட்டத்துல நான் அழுத்தாம விட்டிருப்பேன்." குரல் சற்று இறங்கியிருந்தது.

"இருக்கலாம். இப்ப மட்டும் விடலையே. சரி, நீங்க சொல்றபடி அழுத்தவே இல்லைன்னா, விசில்லேர்ந்து இப்ப வரைக்கும் முழு நேரமும் இதுல இருக்கணும். அதைச் சரிபார்க்க நம்மகிட்ட ஒரு சாட்சி இருக்கு."

மைத்துனன் கொண்டுவந்த கடிகாரத்தின் பிளாஸ்டரைப் பிரித்தார். அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. "மயங்கி விழுந்த மனுஷன் எதையும் அழுத்தலை. இதுல இருக்கறதுதான் முழு நேரம். ரெண்டும் ஒரே விசிலுக்குக் கிளம்பினது. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெரியவரின் கடிகாரம் நன்றாகவே பின்தங்கியிருந்தது.

"நடுவுல இது நின்னிருக்கு" என்றார் துப்பறிவாளர். "நின்னு, மறுபடி ஓடியிருக்கு. அப்படின்னா ரெண்டு தடவை அழுத்தியிருக்கீங்க. ரெண்டாவது தடவை எல்லாரோடயும் சேர்ந்து ஓடி வந்தப்போ. அப்போ முதல் தடவை? பெரியவரே, உங்க விரல் ஆள் விழுந்தாத்தான் அழுத்தும். அவர் விழறதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்க. இந்த ரெண்டு கடிகாரத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம், அவர் அந்தப் படிக்கட்டுக் கீழ தனியாக் கிடந்த நேரம்."

மீசை மெதுவாகத் திரும்பினார். "மாமா?"

பெரியவரின் தோள்கள் தளர்ந்தன. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "தள்ளலை" என்றார். "சத்தியமா நான் தள்ளலை. படியில மறிச்சு நின்னு கேட்டேன். இறுதியாட்டம் உன் புருஷனுக்குத்தான்னு வீட்டுல என் பொண்ணுகிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் 'நெட்டைக்குத்தான்'னு சொல்லிட்டுத் திரும்பினான். ஈரம், வழுக்கிடுச்சு. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அப்ப ஒரு நினைப்பு வந்துச்சு, நாளைக்கு அறிவிப்பு இருக்காதேன்னு. அதுக்கப்புறம் நான் கேட் பக்கம் நடந்துட்டேன்."

"நான் கேட்டேனா மாமா?" மீசையின் குரல் உடைந்தது. "எனக்கு வேணும்னு ஒரு தடவையாவது உங்ககிட்ட கேட்டேனா?"

பெரியவர் நெட்டையைப் பார்க்க முயன்று, முடியாமல் மேசையைப் பார்த்தார்.

"உங்க விரல் நல்ல நடுவர்" என்றார் துப்பறிவாளர். அவர் குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அது அந்த நிமிஷமே ஆட்டத்தை நிறுத்திடுச்சு. நீங்கதான் தொடர்ந்து ஆடிட்டீங்க."

பெரியவர் கையை நீட்டித் தன் கடிகாரத்தை எடுத்தார். இந்த முறை தெரிந்தே பொத்தானை அழுத்தினார். எண்கள் நின்றன. அதைத் துப்பறிவாளர் பக்கம் நகர்த்திவிட்டு, கமிட்டி அறைக்குத் தானே எழுந்து போனார். மீசையும் பின்னாலேயே போனார்.

சிறிது நேரத்தில் கமிட்டிச் செயலாளர் வாசலில் தலையை நீட்டி நெட்டையைப் பார்த்தார். "எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க. மீசை தானாவே சொல்லிட்டார், அவர் உதவி நடுவரா கோட்டோரம் கொடி பிடிக்கறாராம், விசில் உங்களுக்காம். ஆஸ்பத்திரியிலேர்ந்தும் போன் வந்துடுச்சு. தலைவருக்கும் உங்க பேர்தான். வாங்க, சீக்கிரம்."

நெட்டை அசையவில்லை. மைத்துனனின் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கடிகாரத்திலிருந்து பிரித்த பிளாஸ்டரைப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க, சார்" என்றாள் தலை நிமிராமல். "இவர் இன்னும் எழுந்திருக்கலை."