பச்சைப் புள்ளிகள் சொன்ன நேரம்

புதன், மாலை 4:10. உமியோ நகரப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம்.

செல் வளர்க்கும் இன்குபேட்டரை ஆய்வு மாணவி தூவா திறந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கைத் துளைத்தது. பன்னிரண்டு தட்டுகளிலும் செல்கள் செத்திருந்தன. அவளுடைய இரண்டு வருட உழைப்பு.

"காலைல எட்டரைக்கு ரெண்டு பாட்டிலோட நின்னா, பாத்தேன். சத்துநீர்னு நெனச்சு ஃபார்மலின ஊத்திட்டா," என்றான் மூத்த ஆய்வாளன் ஹென்னிங்.

"சத்தியமா இல்ல!" என்றாள் தூவா.

பேராசிரியர் சிக்ஸ்டன் யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள மேஜையக் காலி பண்ணிடு, தூவா."

நுண்ணோக்கி அறைப் பொறுப்பாளர் குன்வோருக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. குப்பைக்குப் போகவிருந்த தட்டுகளை வாரிக்கொண்டாள்.

"செத்ததுகிட்ட என்ன கேக்கப் போற?" என்று ஹென்னிங் சிரித்தான்.

"மணி என்னன்னு."

நுண்ணோக்கி அறையில் தூவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டி.என்.ஏ. நகலெடுக்கறது எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள் குன்வோர்.

"எட்டு மணிக்கு, எல்லா செல்லுலயும் ஒண்ணா. எட்டரைக்கு சத்துநீர் மாத்துனேன். அப்புறம் மூணு வரைக்கும் உங்க கூடத்தானே இருந்தேன்?"

"ஆமா. மூணு மணி காபிக்கும் ஒண்ணாத்தான் போனோம். ரொட்டி வர்றதுக்குள்ள காபி ஆறிப்போச்சு."

வியாழன், பகல் 11:00. நகலெடுக்கும் இடங்களுக்கு மட்டும் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தாள் குன்வோர். திரையில் ஒரு செல்லின் உட்கரு; அதன் முன்னால் சிக்ஸ்டன், ஹென்னிங், தூவா.

"ஃபார்மலின் செல்ல அந்த நொடியிலயே உறைய வச்சிடும். நகலெடுக்கற வேலை ஒரே நேரத்துல எல்லா இடத்துலயும் நடக்காது. முதல் சில மணி நேரம் உட்கரு பூரா பொடிப்பொடியா நூத்துக்கணக்குல புள்ளி. அப்புறம் ஓரத்துல வளையமா. கடைசியா, இறுக்கமாச் சுருண்ட பகுதில நாலஞ்சு பெரிய திட்டு. எட்டரைக்குச் செத்திருந்தா என்ன தெரியணும், சிக்ஸ்டன்?"

"பொடிப் புள்ளி."

திரையில் நாலே நாலு பெரிய பச்சைத் திட்டுகள்.

"அப்ப ஏழு மணி நேரம் உயிரோட இருந்திருக்கு. செத்தது மூணு மணி சுமாருக்கு. அந்நேரம் இங்க எல்லாரும் காபி மேஜைல. வராம இருந்தா மறுநாள் வரைக்கும் காரணம் கேப்போம். நேத்து ரொட்டி வாங்கற முறை யாருது?"

எல்லாரும் ஹென்னிங்கைப் பார்த்தார்கள்.

"கால் மணி நேரம் லேட்டா வந்த. கடை எதிர்லயேதான் இருக்கு, ஹென்னிங்."

"அவ ஆய்வு முடிவு வெளிய வந்தா என் கட்டுரை தப்புன்னு ஆயிடும். வேற வழி தெரியல," என்றான்.

சிக்ஸ்டன் தூவாவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடு. நான் விசாரிச்சிருக்கணும்."

"ஆமா, விசாரிச்சிருக்கணும்," என்றாள் தூவா. "உறைபெட்டில இன்னும் ஒரே ஒரு குழாய் செல் இருக்கு. அதுலேர்ந்து மறுபடியும் வளர்க்கறேன். இன்குபேட்டர் சாவியக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் அதை தலைமுடி கட்டும் ரப்பர் வளையத்தில் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஹென்னிங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலைக்குப் போனாள்.